செயலி எழுதும் கணினிக்கு எவ்வளவு ராம் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

செல்பேசிச் செயலி எழுதக் கற்றுக்கொள்பவர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மென்பொருளைத் திறந்தால் கணினி திணறுகிறது. அதனால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம், ஐ5 பிராசசர், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி போதும் என்று அதன் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் எமுலேட்டரைத் திறந்தவுடன் மவுஸ்கூட நகர மறுக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் புராஜெக்டை ஓட்டிக் காட்ட முடியாமல் அழுதே விட்டேன். வகுப்பில் எல்லோரும் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார்; அவரிடம் கேட்க மனம் வரவில்லை. நான் என்ன தவறு செய்கிறேன், ஐயா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்களுக்குப் புதுக் கணினியும் இப்போதைக்குத் தேவையில்லை. இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த அட்டவணையில் 8 ஜிபி என்றிருப்பது ஸ்டூடியோவுக்கு மட்டும். எமுலேட்டரையும், அதாவது கணினிக்குள் ஓடும் மெய்நிகர்ப் போனையும், சேர்த்து ஓட்டுவதற்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி என்றும், வசதியாக வேலை செய்ய 32 ஜிபி என்றும் அதே அட்டவணை சொல்கிறது. 2014 டிசம்பரில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் முதல் நிலையான பதிப்பு வந்தபோது குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி, பரிந்துரை 4 ஜிபி. அன்று பரிந்துரைத்த அளவைப் போல நான்கு மடங்கு இன்று எமுலேட்டரோடு சேர்த்துக் குறைந்தபட்சமாகிவிட்டது. பாடத்திட்டங்களும் யூடியூப் பாடங்களும் இந்த மாற்றத்தைச் சொல்லாமல் நேராக 'ரன்' பட்டனுக்குப் போய்விடுவதால்தான், கணினியின் போதாமையைத் தம் அறிவின் போதாமையாக மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இவ்வளவு ராம் எங்கே போகிறது? ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், நீங்கள் 'ரன்' அழுத்தும் நேரத்தில் குறைந்தது நான்கு தனித்தனி நிரல்கள் ராமுக்காகப் போட்டியிடுகின்றன. முதலாவது, நீங்கள் நிரல் எழுதும் சாளரம். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெலிஜே ஐடியா என்ற நிரல் எழுதும் மென்பொருளின் மேல் கட்டப்பட்டது அது; ஜாவா நிரல்களை ஓட்டும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவது. இரண்டாவது, உங்கள் நிரலைத் தொகுத்து, போனில் நிறுவக்கூடிய ஏபிகே கோப்பாக மாற்றும் கிரேடில். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க நேரமாகும் என்பதால், வேலை முடிந்த பிறகும் இது பின்னணியில் விழித்தே இருக்கும். யாரும் கூப்பிடாவிட்டால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் தானாக விலகும். மூன்றாவது, காட்லின் என்ற நிரல்மொழியைத் தொகுக்கும் காட்லின் டீமன் (இப்படிப் பின்னணியில் காத்திருக்கும் நிரலை டீமன் என்பார்கள்). அதுவும் தனி ஜாவா இயந்திரம். நான்காவது எமுலேட்டர். இது ஒரு முழு ஆண்ட்ராய்டு போனையே உங்கள் கணினிக்குள் உட்கார வைக்கிறது. அந்தப் போனுக்கென்று பொதுவாக 2 ஜிபி ராமைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் இருந்த 8 ஜிபி மடிக்கணினியில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதையும் திறக்காதபோதே விண்டோஸ் 11 ஏறக்குறைய 3 ஜிபியை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு சிறிய புராஜெக்டைத் திறந்து, அதன் கோப்புகளை ஸ்டூடியோ அட்டவணையிடும் வேலை முடிந்ததும் ஸ்டூடியோவின் வரிசையில் ஒன்றரை ஜிபி தெரிந்தது. முதல் பில்ட், அதாவது நிரலைத் தொகுக்கும் கட்டளை, கொடுத்தபோது 'ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி' என்ற பெயரில் இரண்டு வரிசைகள் புதிதாக முளைத்தன. பலருக்கு இந்தப் பெயர் அறிமுகமில்லாததால் வைரஸோ என்று பயப்படுகிறார்கள்; அவைதான் கிரேடிலும் காட்லின் டீமனும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை ஜிபிக்கு மேல் வாங்கிக்கொண்டன. பாடம் பார்ப்பதற்காகத் திறந்திருந்த குரோமில் ஆறு டேப்கள். அங்கே ஒரு ஜிபி. எமுலேட்டருக்கு இனி இடம் எங்கே? அதைத் தொடங்கியதும் 'கியூஎம்யு' என்று தொடங்கும் வரிசை ஒன்று வேகமாக ஏறியது. ராம் கோடு உச்சியைத் தொட்டது, டிஸ்க் கோடும் கூடவே நூறு விழுக்காட்டுக்குப் போனது, உங்களுக்கு நேர்ந்ததைப் போலவே மவுஸ் நின்றது.

ராம் நிரம்பியதும் விண்டோஸ் அதிலுள்ளவற்றை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றி மாற்றி வைக்கத் தொடங்குகிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி ஆகிறது என்றால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப் போல ஆயிரம் மடங்கு நேரம் ஆகலாம். இதில் ஜாவா நிரல்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. பயன்படாத பொருள்களைக் கூட்டி அள்ளும் வேலையை ஜாவா இயந்திரம் அவ்வப்போது செய்யும்போது தன் நினைவகப் பரப்பின் பெரும்பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. டிஸ்குக்குப் போனதெல்லாம் அந்த நேரத்தில் திரும்பி வந்தாக வேண்டும். அப்படி மூன்று ஜாவா இயந்திரங்கள் ஒன்றாகத் தவிப்பதைத்தான் நீங்கள் 'ஹேங்' என்கிறீர்கள்.

தீர்வு உங்கள் கைப்பையில் இருக்கிறது. எமுலேட்டரை விட்டுவிட்டு உங்கள் சொந்த ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஓட்டுங்கள். போனின் அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டு, கேபிளைச் செருகி, போன் திரையில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சரி என்று சொன்னால், ஸ்டூடியோவின் மேல் பட்டையில் உங்கள் போனின் பெயர் வந்துவிடும். வரவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்: சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிள்கள் ஏராளம், அவற்றில் தகவல் போகாது. போன் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வைஃபை வழியாகவே இணைக்கலாம், கேபிளும் வேண்டாம். ஆசிரியருக்குக் கணினித் திரையில்தான் காட்ட வேண்டும் என்றால், இணைந்திருக்கும் போனின் திரையை ஸ்டூடியோவுக்குள்ளேயே 'ரன்னிங் டிவைசஸ்' என்ற சாளரத்தில் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு முழுப் போனை உருவாக்கி ஓட்டுவதைவிட அது மிகவும் இலகுவான வேலை.

இதோடு, பில்ட் ஓடும்போது பிரௌசரை மூடிவிடுங்கள். பாடத்தைப் போனில் பார்க்கலாம். ஃபைல் மெனுவில் உள்ள 'பவர் சேவ் மோட்' பின்னணியில் நடக்கும் பிழை தேடும் வேலைகளை நிறுத்தும். எழுதும்போது சிவப்புக் கோடுகள் வராது என்பதால், இயந்திரம் மிகவும் தவிக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும். இத்தனைக்கும் பிறகு, மடிக்கணினியில் காலி ஸ்லாட் இருக்குமானால் என்றாவது கையில் பணம் சேரும்போது ஓர் 8 ஜிபி ராம் மட்டும் வாங்கிப் போடுங்கள். புதுக் கணினியைப் பற்றிய பேச்சையே அப்பாவிடம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு சிறு நிறுவனத்தில் ஆண்ட்ராய்டு புரோகிராமராக இருக்கிறேன். என் கணினியில் 8 ஜிபி ராம். பில்ட் செய்யும்போது ஜாவா ஹீப் (ஜாவா நிரலுக்கு ஒதுக்கிய நினைவகம்) போதவில்லை என்ற பிழை வந்தது. இணையத்தில் ஒருவர் சொன்னபடி கிரேடில் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் எக்ஸ்எம்எக்ஸ் அளவை 2 ஜிபியிலிருந்து 6 ஜிபிக்கு ஏற்றினேன். பழைய பிழை போய், கிரேடில் டீமன் எதிர்பாராமல் மறைந்துவிட்டது என்று புதுப் பிழை வருகிறது. கூட்டினால் குறைகிறதே, ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த எண் ராமைக் கூட்டுவதில்லை, கிரேடில் எவ்வளவு ராமை எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறோம் என்பதன் உச்ச வரம்பு அது. 2 ஜிபி வரம்பு வைத்திருந்தபோது அந்த வரம்பு நிரம்பியது, ஜாவாவே 'இடம் போதவில்லை' என்று சொல்லி நின்றது. வரம்பை 6 ஜிபியாக்கியதும் ஜாவா தாராளமாக வளர்ந்துகொண்டே போனது, கொடுக்க இடமில்லாத இயங்குதளம் ஒரு கட்டத்தில் கையை விரித்தது, டீமன் விழுந்தது. முதல் பிழை ஜாவா வகுத்த எல்லையில் வந்தது, இரண்டாவது உங்கள் கணினியின் எல்லையில் வந்தது. உங்கள் புராஜெக்ட் அடைவில் 'ஹெச்எஸ் எர்' என்று பெயர் தொடங்கும் லாக் கோப்புகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதன் முதல் வரிகளிலேயே, ஜாவா இயங்கப் போதிய நினைவகம் இல்லை என்று எழுதியிருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இதில் இருக்கிறது. காட்லின் டீமனுக்குத் தனியாக அளவு எதுவும் குறிக்காவிட்டால் அது கிரேடிலுக்குக் கொடுத்த வரம்பையே தனக்கும் எடுத்துக்கொள்ளும். ஆக நீங்கள் 6 ஜிபி என்று எழுதியது ஒரு நிரலுக்கு அல்ல, இரண்டு நிரல்களுக்கு. 8 ஜிபி இயந்திரத்தில் 12 ஜிபி வரை வளர அனுமதி கொடுத்துவிட்டீர்கள். கிரேடிலுக்கு 2 ஜிபி, காட்லின் டீமனுக்குத் தனி வரியில் 1 ஜிபி என்று எழுதிப் பாருங்கள். அதிலும் முதல் பிழை திரும்பினால் கிரேடிலின் அளவை அரை அரை ஜிபியாக ஏற்றுங்கள். கிரேடில் உங்கள் பிராசசரில் எத்தனை கோர்கள் உண்டோ அத்தனை வேலையாள்களை ஒரே நேரத்தில் இறக்கக்கூடியது; அந்த எண்ணிக்கையையும் அதே கோப்பில் இரண்டாகக் குறைத்தால் பில்ட் சற்று மெதுவாகும், ஆனால் முடியும். முடியாத வேகமான பில்ட்டைவிட முடிகிற மெதுவான பில்ட் நல்லது.

ஓப்பன்ஜேடிகே வரிசைகள் டாஸ்க் மேனேஜரில் இரண்டுக்கு மேல் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்டூடியோ தன்னுடன் வந்த ஜாவாவைப் பயன்படுத்தும். நீங்கள் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) பில்ட் கொடுத்தால் அது கணினியில் தனியாக நிறுவிய வேறு பதிப்பு ஜாவாவை எடுத்துக்கொள்ளக்கூடும். ஜாவா மாறினால் பழைய டீமனைக் கிரேடில் மறுபடி பயன்படுத்தாது, புதிதாக ஒன்றைத் தொடங்கும். பழையது தன் ராமோடு சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே ஜாவாவைக் குறிப்பிட்டுவிட்டால் இந்த வீண் செலவு போய்விடும். கிரேடிலை 'ஸ்டாப்' கட்டளையோடு ஒரு முறை அழைத்தால் அந்தப் பதிப்பின் டீமன்கள் எல்லாம் நின்றுவிடும்.

எஸ்எஸ்டி தேயும் என்று பயந்து பேஜ் ஃபைலை அணைத்துவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. உங்களிடம் இருந்தால் இன்றே திரும்ப இயக்குங்கள். விண்டோஸ் ஒரு நிரலுக்கு நினைவகம் தருவதாக வாக்களிக்கும்போது ராமையும் பேஜ் ஃபைலையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பேஜ் ஃபைல் இல்லையென்றால், ராமில் இடம் இருப்பதாகத் தெரியும்போதே ஜாவா விழும்.

கேள்வி: அண்ணன் பாவித்த பழைய மடிக்கணினிதான் என்னிடம் உள்ளது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறக்கவே கால் மணி நேரம் எடுக்கிறது. இதை வைத்து ஏதாவது கற்க முடியுமா, அல்லது ஆசையை விட்டுவிடலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: ஆசையை விட வேண்டாம். ஆனால் அந்தக் கணினியில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை விட்டுவிடுங்கள். 4 ஜிபியில் அதனோடு மல்லுக்கட்டுவது நேரத்தையும் மனத்தையும் தின்னும்.

கொஞ்சம் பணம் செலவழிக்க முடியும் என்றால் எதை முதலில் மாற்றுவது என்பதில் தயக்கமே வேண்டாம், ஹார்ட் டிஸ்கைத்தான். ஸ்டூடியோவும் கிரேடிலும் படிப்பவை ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். சுழலும் தட்டில் ஊசி ஒவ்வொரு கோப்பாகத் தேடி நகர ஏறக்குறைய 10 மில்லி வினாடி ஆகிறது. அதாவது வினாடிக்கு நூறு கோப்புகளை எடுத்தாலே அதிகம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே நேரத்தில் பல்லாயிரம் முறை படித்துவிடும். அடுத்ததாக ராம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள்: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ராம் நுழையாது, வெட்டுப் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3 காலத்து மடிக்கணினிகளில் பல, 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்பவை. அடியிலுள்ள மூடியைத் திறந்து பழைய ராமின் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது பாதுகாப்பானது.

பணமே செலவழிக்காமல் செய்யக்கூடியது, எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலுடன் வரும் லினக்ஸ் மின்ட் போன்ற இலகுவான இயங்குதளத்துக்கு மாறுவது. விண்டோஸுக்குப் போய்க்கொண்டிருந்த ராமில் ஒரு நல்ல பங்கு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதில் ஒரு சாதாரண எடிட்டரில் நிரலை எழுதி, ஆண்ட்ராய்டின் கட்டளைவரிக் கருவிகளையும் ஜாவாவையும் மட்டும் நிறுவி, டெர்மினலிலிருந்து கிரேடிலை அழைத்து ஏபிகே செய்யலாம். ஸ்டூடியோவின் சாளரம் இல்லாததால் அந்த ராம் முழுவதும் கிரேடிலுக்கு மிஞ்சும். ஸ்டூடியோ தானாக நிரப்பித் தரும் சொற்கள் இதில் வராது. எழுத்துப் பிழைகளை நீங்களே பார்த்துத் திருத்த வேண்டும். மெதுவான வழிதான், என்றாலும் ஒரு பில்ட் எப்படி நடக்கிறது என்பதை இவ்வழியில் கற்றவர்கள் நன்றாகவே அறிந்துகொள்கிறார்கள்.

கேள்வி: மகள் ஆண்ட்ராய்டு பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். கடையில் இரண்டு மடிக்கணினிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று ஐ7 பிராசசர், 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு. மற்றது ஐ5, 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு இல்லை. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஐ7 உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்க?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். செயலி எழுதும் வேலையில் தனி கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். அதற்குக் கொடுக்கும் பணம் உங்கள் மகளின் பில்ட்டை ஒரு வினாடிகூடக் குறைக்காது.

பிராசசர் விஷயத்தில் பெயரில் உள்ள 3, 5, 7 எண்களைவிடத் தலைமுறையையும் கோர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். மடிக்கணினிக்கான 7ஆம் தலைமுறை யு வரிசை ஐ5 பிராசசர்களில் இரண்டே கோர்கள்தான். 2017இல் வந்த 8ஆம் தலைமுறையில் அவை நான்காயின. 12ஆம் தலைமுறையில் ஐ3-1215யு என்ற எளிய பிராசசரிலேயே ஆறு கோர்கள் இருக்கின்றன. பழைய இருப்பில் உள்ள ஐ7ஐ 'உயர்ந்தது' என்று யாராவது கையில் திணித்தால் இதை நினைவில் வையுங்கள். எமுலேட்டர் வேகமாக ஓட, இன்டெலின் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்ற மெய்நிகராக்க வசதி பிராசசரில் இருக்க வேண்டும். இன்று விற்கும் புதிய மடிக்கணினிகளில் இது பெரும்பாலும் இருக்கிறது. சிலவற்றில், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அணைந்திருக்கும், இயக்கினால் போதும். அது அணைந்திருந்தால் எமுலேட்டர் ஒன்று ஓடாது, இல்லையென்றால் நத்தையாக ஊரும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் பாருங்கள். 'சோடிம்' என்றிருந்தால் ராம் கழற்றி மாற்றக்கூடியது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பலகையோடு பற்றவைத்தது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்படித்தான். பற்றவைத்ததென்றால் வாங்கும் நாளன்று உள்ள அளவுதான் கடைசிவரை, அதனால் 16 ஜிபிக்குக் கீழே இறங்கவே கூடாது. மாற்றக்கூடியதென்றால், 8 ஜிபி இரண்டாக இருப்பதைவிட 16 ஜிபி ஒரே துண்டாக இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருப்பதையே நான் விரும்புவேன். இரண்டு துண்டுகள் இருந்தால் கிராபிக்ஸ் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து 32 ஜிபியாக்க எண்ணும்போது ஏற்கெனவே உள்ளதைத் தூக்கிப் போட வேண்டியிராது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை வேகமாக ஏறியது. 'பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்' என்று பழைய நாள்களில் நானே பலருக்குச் சொன்ன அறிவுரையை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்கட்டும். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

கேள்வி: 256 ஜிபி எஸ்எஸ்டியில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ நிறுவி ஆறு மாதம்தான் ஆகிறது. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. என் புராஜெக்டுகள் எல்லாம் சேர்ந்தே 2 ஜிபி இல்லை. மீதி எங்கே?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் பயனர் அடைவுக்குள் மூன்று இடங்களில். பெயருக்கு முன் புள்ளி வைத்த 'கிரேடில்' அடைவில், இதுவரை இறக்கிய எல்லா நூலகங்களும், ஒவ்வொரு புராஜெக்டும் கேட்ட கிரேடில் பதிப்புகளும் குவிந்திருக்கும். புள்ளி வைத்த 'ஆண்ட்ராய்டு' அடைவில் நீங்கள் உருவாக்கிய எமுலேட்டர் போன்கள் இருக்கும். ஒவ்வொன்றும் பல ஜிபி. அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகத் தன் ராமின் நிலையையே டிஸ்கில் எழுதிவைத்துக்கொள்வதும் அதில் அடங்கும். ஆப்டேட்டா அடைவுக்குள் இருக்கும் எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பில், எமுலேட்டருக்காக இறக்கிய பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளின் சிஸ்டம் இமேஜ்கள் கிடக்கும். டிவைஸ் மேனேஜரில் பயன்படுத்தாத எமுலேட்டர்களை அழியுங்கள். எஸ்டிகே மேனேஜரில் தேவையற்ற சிஸ்டம் இமேஜ்களின் டிக்கை எடுங்கள். கிரேடில் அடைவை முழுவதுமாக அழித்தாலும் கெடுதல் இல்லை. அடுத்த பில்ட்டில் வேண்டியதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும், ஆகவே நல்ல இணைய இணைப்பு உள்ள நாளில் செய்யுங்கள். முடிந்த புராஜெக்டுகளுக்குள் இருக்கும் 'பில்ட்' அடைவுகளையும் அச்சமின்றி நீக்கலாம்.

கேள்வி: ஃபிளட்டருக்கு (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் கருவி) மாறினால் ராம் குறைவாகப் போதும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: பாதி உண்மை. விஷுவல் ஸ்டூடியோ கோடு எடிட்டரில் எழுதலாம் என்பதால் ஸ்டூடியோவின் கனம் குறையும். திரை வடிவமைப்பைக் குரோமிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் பாதி நேரம் போனும் வேண்டாம். ஆனால் ஏபிகே செய்யும் நேரத்தில் ஃபிளட்டரும் அதே கிரேடிலைத்தான் கூப்பிடுகிறது. அண்மைக்காலப் பதிப்புகளில் புது புராஜெக்ட் தொடங்கினால் கிரேடிலின் வரம்பாக 8 ஜிபி என்று கோப்பில் எழுதியே தருகிறார்கள். உங்கள் கணினியின் மொத்த ராமே 8 ஜிபி என்றால் புராஜெக்ட் தொடங்கிய கையோடு அந்த எண்ணை 2 ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் ஐபோன் செயலி செய்ய முடியுமா? எத்தனை ஜிபி வேண்டும்?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஐபோன் செயலியைத் தொகுக்கும் எக்ஸ்கோடு மேக் கணினியில் மட்டுமே ஓடும், விண்டோஸில் எத்தனை ஜிபி இருந்தாலும் பயனில்லை. ஃபிளட்டரிலோ அதைப் போன்ற ரியாக்ட் நேட்டிவிலோ நிரலை விண்டோஸில் எழுதிவிட்டு, தொகுக்கும் வேலையை மட்டும் மேக் இயந்திரங்களை வாடகைக்குத் தரும் மேகச் சேவைகளில் செய்யலாம். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம் தனி. மேக் வாங்குவதென்றால், ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் உள்ளவற்றில் ராமைப் பின்னால் கூட்ட வழியே இல்லை. 2024 அக்டோபரில் எம் வரிசை மேக்குகளின் தொடக்க அளவை 16 ஜிபியாக ஆப்பிள் உயர்த்தியது. பழைய 8 ஜிபி மேக் மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். ஆய்வகத்தில் உள்ள கணினிகள் எல்லாம் 4 ஜிபி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 'மிஸ், நாங்களும் ஆப் செய்யலாமா?' என்று கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவிப் பார்த்தேன்; ஒரு பாடவேளை முழுவதும் அது திறப்பதற்கே போய்விட்டது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியில் இடம் வைத்திருந்தேன். ஆப் இன்வென்டர் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். 2010இல் கூகுள் தொடங்கி, 2012 முதல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்திவருவது, கட்டணம் இல்லை. எல்லாம் பிரௌசருக்குள்ளேயே நடக்கிறது. ஏபிகே தொகுக்கும் கனமான வேலையை எம்ஐடியின் சர்வர் செய்கிறது. உங்கள் ஆய்வகக் கணினி ஒரு பிரௌசர் டேப்பைத் திறந்து வைத்திருந்தால் போதும், அதற்கு 4 ஜிபி தாராளம். நிரல்வரிகளுக்குப் பதிலாக வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திச் செயலியை உருவாக்குகிறார்கள். 'இந்தப் பட்டனை அழுத்தினால்' என்ற கட்டைக்குள் 'இந்த ஒலியை இயக்கு' என்ற கட்டையைப் பொருத்தினால் முதல் செயலி தயார்.

வழக்கமான முகவரியில் கூகுள் கணக்கு கேட்கும். பிள்ளைகளிடம் கணக்கு இல்லாவிட்டால், கணக்கின்றியே தொடங்கும் தனி முகவரி ஒன்றை எம்ஐடி வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் திரும்ப வருவதற்கான ஒரு குறியீடு கிடைக்கும். அதைத் தொலைத்துவிட்டால் செய்த வேலையும் போய்விடும் என்பதால் முதல் வகுப்பிலேயே நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். சோதித்துப் பார்க்க உங்கள் போனில் எம்ஐடியின் கம்பேனியன் செயலியை நிறுவுங்கள். கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைப் போனால் படித்தவுடன், மாணவர் செய்துகொண்டிருப்பது போனில் ஓடத் தொடங்கும். கட்டையை இங்கே மாற்றினால் அங்கே மாறும். போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருப்பது நல்லது. ஆய்வகக் கணினிகள் கேபிள் வழி இணையத்திலும் உங்கள் போன் மொபைல் டேட்டாவிலும் இருந்தால் இணையாமல் போகக்கூடும். அப்போது போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கணினியை மட்டும் இணைத்து, பிள்ளைகளை வரிசையாக அந்தக் கணினிக்கு வந்து தங்கள் குறியீட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு வைத்துள்ள பிள்ளைகளானால் தங்கள் கணக்கில் நுழைந்தால் போதும்.